வேப்பிலை கட்டிய வாசல்

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் ஜவுளிக்கடைக்குப் பன்னிரண்டு வருடமாக வேலைக்குப் போய்வருகிறவள் மகாலட்சுமி. வயது முப்பத்து நான்கு. ஐந்தாவதாகப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "பொண்ணு மூஞ்சி ஒட்டிப்போயிருக்கே" என்று சொல்லிப் போனார்கள். மாப்பிள்ளைக்குப் பாதி வழுக்கை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு, ஒருவரிடமும் சொல்லாமல் தேனிக்குப் போய், ஓர் அழகு நிலையத்தில் மூக்கோரத்து மடிப்பில், ஒட்டிய இடத்தை உப்பவைக்கும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டாள். போட்டவள் மருத்துவரே இல்லை. வீடு வருவதற்குள் வலது கன்னம் வெளுத்து, வலி தெறித்தது. போன் செய்தாள். "ஐஸ் வைங்க, வத்திரும்" என்றார்கள். மறுநாள் அந்த எண் அணைந்து கிடந்தது.

மூன்றாம் நாள் கன்னத்தில் வலை விரித்தாற்போல் கருநீலம். மூக்கோரத்தில் கொப்புளங்கள். அம்மா கஸ்தூரியம்மாள் பார்த்த மாத்திரத்தில் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா எறங்கிருக்கா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது."

வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. பக்கத்து வீட்டு ராஜாத்தி சன்னலுக்கு வெளியே இளநீரை வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். இந்த ஊரில் ஒரு பெண்ணை மற்றவர்கள் கும்பிட, அவள் முகம் அழுக வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் மகாலட்சுமி உண்மையைச் சொன்னாள். "அம்மா, இது அம்மை இல்ல. ஊசி போட்டேன்."

"மெதுவாப் பேசுடி. அம்மைன்னா ஊரு கும்பிடும். ஊசின்னா சிரிக்கும். அப்பறம் எவன் பாக்க வருவான்?"

"மூக்கு போயிரும்மா."

"ஆத்தா பாத்துக்குவா."

விடிந்ததும் மகாலட்சுமி தேனிக்கு முதல் பஸ்ஸில் ஏறினாள். முகத்தில் அம்மா பூசிவிட்டிருந்த மஞ்சளையும் கொப்புளத்தையும் கண்டதும் பக்கத்தில் இருந்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஊசி மருந்து ரத்தக்குழாய அடைச்சிருக்கு. அன்னைக்கே வந்திருந்தா முழுசாக் காப்பாத்திருக்கலாம்மா" என்றார் அரசு மருத்துவமனை மருத்துவர். ஃபில்லரைக் கரைக்கும் மருந்தைக் கன்னத்தில் பல இடங்களில் ஏற்றினார். "கூட யாரு வந்திருக்காக?"

"யாரும் இல்ல சார்."

ஒன்பது நாள் அங்கே இருந்தாள். கன்னம் பிழைத்தது. மூக்கோரத்தில் சிறிது சதை கறுத்து உதிர்ந்து பள்ளமானது.

அந்த ஒன்பது நாளும் அம்மா வேப்பிலையை மாற்றி மாற்றிக் கட்டி, மகள் உள்ளே படுத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜாத்தி தினமும் காலி அறையைக் கும்பிட்டிருக்கிறாள்.

மகாலட்சுமி திரும்பி வந்த மதியம் ராஜாத்தி இளநீரோடு வந்தாள். "முத்திரை வச்சிட்டுப் போயிருக்கா ஆத்தா. குடுத்து வச்சவ நீ."

அம்மா கண்ணால் கெஞ்சினாள்.

"ஆத்தா இல்ல மதினி. தேனியில போட்ட ஊசி. நாளைக்கு உங்க மக இப்பிடி ஊசி போடணும்னு கேட்டா இந்தப் பள்ளத்தக் காட்டுங்க."

ராஜாத்தி இளநீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அன்று அதற்குப் பிறகு அந்த வாசலுக்கு ஒருவரும் வரவில்லை, அம்மாவும் பேசவில்லை. காய்ந்த வேப்பிலையை மகாலட்சுமியே அறுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குக் கிளம்பினாள். முந்தானையால் முகத்தை மூடவில்லை.