லேபிள் உரித்த பொட்டலம்

லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் ஒருவர் நடத்தும் பலகாரக் கடை இருக்கிறது. அங்கே விற்கும் முறுக்குப் பொட்டலத்தின் மேல் மஞ்சள் லேபிள் ஒன்று ஒட்டியிருக்கும். கடையின் பெயர், அதன் கீழே கொல்கத்தா முகவரி. அந்த லேபிளை உரிப்பதில் எனக்கு ஒரு காலத்தில் நல்ல தேர்ச்சி இருந்தது. நகத்தால் சுரண்டினால் பாதி வரும், பாதி நிற்கும். ஈரத் துணியால் ஒற்றி, இரண்டு நிமிடம் விட்டு, ஓரத்திலிருந்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். நாளாக ஆகக் கடைக்காரரே அதைச் செய்து கொடுக்கத் தொடங்கினார். "யாருக்கோ ஆத்துல சுத்தினதுன்னு சொல்லிக் குடுக்கறேள் போல இருக்கே மாமி" என்று ஒரு நாள் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு முறுக்குச் சுற்ற வராது என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குத் தெரிந்த செய்தி. ஆனால் லேபிளை உரித்தது அந்தப் பொய்க்காக அல்ல. அதைவிடப் பெரிய பொய் ஒன்று கைவசம் இருந்தது. அந்த முறுக்கு சென்னையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

பாலிகஞ்சில் பிறந்து, பாலிகஞ்சிலேயே ஓய்வு பெற்றவள் நான். அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இங்கே வந்து சேர்ந்தவர். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், ஊழியர்களின் நியமனம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றையும் கவனிக்கும் பிரிவில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். மனிதன் பிறக்கிறான், சாகிறான், இரண்டுக்கும் நடுவில் மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுக்கிறான் என்பது என் அனுபவத்தில் கண்ட தத்துவம். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் இரண்டு தெரு தள்ளி இருந்த பொர்தி என் வீட்டுக் கதவைத் தட்டினார். பொர்தி என்றால் பெரிய அக்கா. வங்காளத்தில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் இரண்டு வகையிலும் பொர்தி. ஓய்வுக்குப் பிறகு, சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் குடும்பங்களுக்கு உதவவும் தன் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே ஒரு சின்ன அமைப்பை நடத்திக்கொண்டிருந்தார். "ஏ மெட்ராஜி, உனக்கு ஃபார்ம் நிரப்பத் தெரியுமாமே? சும்மா உட்கார்ந்து துருப்பிடிக்காதே, வா" என்றார். இங்கே தமிழர் எல்லோரும் மெட்ராஜிதான். யாரும் என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு அழைத்ததில்லை. போனேன்.

அந்தக் கீழ்த்தளத்தில் மூன்று பெஞ்சு, ஒரு இரும்பு அலமாரி, ஒரு பெரிய டப்பா நிறையப் பொரி. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் முதலில் பொரி தின்பார்கள், பிறகு பாடம். வாசலில் 'மாலைப் பாட வகுப்பு' என்று மட்டும் பலகை இருக்கும். சிறை என்ற சொல் அந்தக் கட்டடத்தில் எங்கும் எழுதப்படக் கூடாது என்பது பொர்தியின் சட்டம். கோப்புகளில்கூடப் பிள்ளைகளின் பெயர் இல்லை, பூக்களின் பெயர்தான். யாருடைய தகப்பன் என்ன குற்றம் செய்தான் என்று எங்களில் யாரும் கேட்கக் கூடாது. "ஆசிரியர்கள் அறையில என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும், முப்பது வருஷம் அங்க உட்கார்ந்து நானும்தான் பேசியிருக்கேன்" என்பார். "வாயை மூடிக்கிட்டு இருக்கறதுதான் நம்ம முதல் வேலை. படிப்பு, சாப்பாடு எல்லாம் அப்புறம்." கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், சிறை வாசலில் காத்திருக்கும் பெண்களோடு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவந்த டிபன் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார். எதையும் நம்பாமல் இருப்பதற்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்திருந்தது. இருந்தும் அவரை நம்பினேன். முழுசாக நம்பினேன்.

எனக்கு வந்த கோப்புகளில் ஒன்று ஷிவ்லி. ஷிவ்லி என்பது பவழமல்லி. எட்டாம் வகுப்புச் சிறுமி, பெஹாலாவில் வாடகை அறையில் அம்மாவோடு இருந்தாள். அம்மா நாலு வீட்டில் சமையல் வேலை. அப்பா டைல்ஸ் பதிக்கும் மிஸ்திரி. கைதாகி இரண்டு வருடம், தீர்ப்பு இன்னும் வரவில்லை. எங்கள் மாநிலத்தில் சிறையைச் சிறை என்று சொல்வதில்லை, சீர்திருத்த இல்லம் என்போம். சீர்திருத்தப்பட்டது அந்தப் பெயர் ஒன்றுதான். வீடு மாறியதால் முகவரி ஒத்துவரவில்லை என்று அந்த இல்லத்தில் நாலு மாதமாக மகளை உள்ளே விடவில்லை. நான் ஒரு பிரமாணப் பத்திரம், ஒரு சான்று, ஒரு நினைவூட்டல் கடிதம் என்று பதினோரு நாளில் வாசலைத் திறக்க வைத்தேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு மாஷி, அதாவது சித்தி.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் இருந்தது. பள்ளியில் தெரிந்துவிடக் கூடாது. அப்பா வெளியூரில் வேலை செய்கிறார் என்று சொல்லியிருந்தாள். எந்த ஊர் என்று தோழிகள் குடைந்தபோது, இந்த மாஷியின் நினைவில் சென்னை என்று சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்து மிஸ்திரிகள் அங்கே போவது வழக்கம்தான், யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் கேள்விகள் வந்தன. அவை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் ஏறி என்னிடம் வந்தன. பாபா எங்கே தங்கியிருக்கார்? என்ன சாப்பிடறார்? கடல் பக்கமா? நான் என் வாழ்நாளில் சென்னைக்குப் போனது கல்யாணங்களுக்காக ஏழெட்டுத் தடவை. ஆகவே அவள் அப்பா மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் தங்கினார், காலையில் இட்லியும் ரவா கேசரியும் சாப்பிட்டார், மத்தியானம் வாழை இலை போட்டு இரண்டு பாயசத்தோடு உண்டார். "மாஷி, டைல்ஸ் மிஸ்திரிக்கு டெய்லி பாயசமா?" என்று அவளே ஒரு நாள் திருத்தினாள். பாயசத்தை ரத்து செய்தோம். பூஜா விடுமுறைக்குப் பிறகு அப்பா அனுப்பியதாக வகுப்புக்கு முறுக்கு போயிற்று. அப்பா போனில் சொல்லிக்கொடுத்ததாக ஒன்றிலிருந்து பத்து வரை தமிழில் எண்ணக் கற்றுக்கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. 'ஏழு' அவள் வாயில் ஒரு நாளும் சரியாக வரவில்லை. வகுப்பில் அவளுக்கு அது பெரிய மதிப்பாக இருந்தது. சிறையில் பார்த்தபோது அப்பாவிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

பொர்திக்கு இது எல்லாம் தெரியும். "நல்ல பொய்யாச் சொல்லு மெட்ராஜி, ஓட்டைப் பொய் குழந்தையைக் கொன்னுடும்" என்று அவரே சொன்னார்.

ஒரு மாரிக்கால மதியம் கேமராவோடு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நான் பக்கத்து அறையில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பொர்தி ஷிவ்லியிடம், "உன் பாபாவுக்குத்தான் இது. உள்ளே கொண்டுபோய்க் காட்டப்போறோம். மனசுல இருக்கறதெல்லாம் சொல்லு" என்றது கேட்டது. அவள் பேசினாள். பாபா, நீ சென்னையில் இல்லைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆரம்பித்தாள். கடைசியில் அவரைச் சிரிக்க வைப்பதற்காகப் பத்து வரை எண்ணினாள். 'ஏழு' அன்றும் வழுக்கியது. நான் முத்திரையைக் கையில் பிடித்தபடி பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். சிறைக்குள் ஒரு படத்தைக் காட்ட வேண்டுமென்றால் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அமைப்பிலிருந்து என் கை படாமல் ஒரு காகிதம் வெளியே போனதில்லை. அப்படி ஒரு விண்ணப்பம் என் மேஜைக்கு வரவே இல்லை. எல்லா நடைமுறையும் தெரிந்தவள் அன்று அதை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

படம் நியூ டவுனில் ஒரு கம்பெனியின் அரங்கத்தில் ஓடியது. எங்கள் அமைப்புக்கு ஒரு வேன் வாங்கித் தருவதாகச் சொன்ன கம்பெனி. படத்தில் சிறுமியின் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள், பெயரையும் மாற்றியிருந்தார்கள். விதிகளில் ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் பெஹாலாவில் தமிழில் பத்து வரை எண்ணும் வங்காளிச் சிறுமி எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவள் வகுப்புப் பெண் ஒருத்தியின் அண்ணன் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தான். படம் போனிலிருந்து போனுக்குப் போயிற்று. திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது பின் வரிசை ஒரே குரலில் எண்ண ஆரம்பித்ததாம். ஒண்ணு, ரெண்டு, மூணு. 'ஏழு' வரும்போது வேண்டுமென்றே அவளைப் போலவே வழுக்கினார்களாம். இதைச் சொல்ல அவள் அம்மா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். "தீதி, பொண்ணு ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா. என்னோடயும் பேசமாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா" என்றாள். என்மேல் அவளுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

பொர்தியிடம் போனேன். பால் இல்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

"முகத்தை மறைச்சாச்சு, பேரை மாத்தியாச்சு. இன்னும் என்ன செய்யணும்ங்கற?"

"அப்பாவுக்குக் காட்டறதுக்குன்னு சொன்னீங்களே அவகிட்ட."

"அப்படிச் சொல்லாட்டா அவ அவ்வளவு நல்லாப் பேசியிருப்பாளா?" என்றார். குரலில் கோபமோ வெட்கமோ இல்லை. மாணவியின் கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்துகிற குரல். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஷிவ்லியின் கோப்பை என் முன் போட்டார். "மெட்ராஜி, இது உன் ஃபார்ம்தானே? மூணாவது பத்தியை நீயே படி."

என் ஃபார்ம்தான். பழைய ஃபார்ம் ஒரு பக்கம் ஒழுகுகிறது என்று, சேர்ந்த முதல் மாதமே நான் புதிதாக எழுதிக்கொடுத்தது. மூன்றாவது பத்தி: குழந்தையின் படம், குரல், வாழ்க்கை விவரம் ஆகியவற்றை அமைப்பின் நோக்கங்களுக்காக எந்த வடிவத்திலும் பயன்படுத்தப் பெற்றோர் சம்மதிக்கிறார். ஓட்டை இல்லாத வாக்கியம். எழுதியபோது இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன். கீழே அம்மாவின் கையெழுத்து, சாட்சியாக என் கையெழுத்து. முதல் இரண்டு பத்திகளை அவளுக்கு வங்காள மொழியில் விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறது. மூன்றாவதுக்கு வந்தபோது, "இது எல்லா ஃபார்மிலயும் இருக்கும், போடும்மா" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. ராஜினாமாக் கடிதத்தில் காரணம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். என் வாழ்க்கையில் நான் முழுமையாக நிரப்பாத ஒரே கடிதம்.

வேன் வந்தது. நல்ல வேன், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மாதம் இரண்டு முறை குடும்பங்களைச் சிறைக்கு அழைத்துப் போகிறது. ஷிவ்லியின் அம்மாவும் அதில்தான் போகிறாள். முன்பு இரண்டு ரயில் மாறி, ஒரு நாள் வேலையை விட்டுப் போவாள். இப்போது மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வேனின் இரண்டு பக்கமும், 'சிறைவாசிகளின் குடும்பங்களுக்காக' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கிறது, கம்பெனியின் பெயரோடு. பொர்தி தன் வாசல் பலகையில் ஒரு நாளும் எழுத விடாத சொல் அது. ஷிவ்லியின் அம்மா தன் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போகிறாள்.

ஷிவ்லி அந்த வேனில் ஏறவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கி அவளை வேறு பள்ளியில் சேர்த்தேன். அப்பாவின் விவரம் கேட்கும் இடத்தில் பேனாவை என்னிடமிருந்து வாங்கி அவளே எழுதினாள்: டைல்ஸ் மிஸ்திரி. ஊர் கேட்கவில்லை, அவளும் எழுதவில்லை. சிறைக்கு நாங்கள் இருவரும் பாலிகஞ்சில் ரயில் ஏறிப் போனோம். அந்த முதல் பயணத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாஷி, அந்தப் படத்தை பாபா பார்த்தாரா?"

அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை நாளும் இருந்திருக்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரித்தாலும் அவர் ஒருவர் பார்த்திருப்பார் என்று. ஒரு முழுச் சென்னையையே கட்டிக்கொடுத்த எனக்கு அன்று ஒரு சின்னப் பொய் வரவில்லை. "இல்லை" என்றேன். "காட்டுறதுக்கு அனுமதியே கேக்கலை. அப்புறம், உங்கம்மா கையெழுத்துப் போட்ட ஃபார்மை எழுதினது நான்."

"தெரியும்" என்றாள். "வீட்டுல இருக்கற காப்பில, கீழ உங்க பேர் இருக்கே."

என் பையில் ஒரு முறுக்குப் பொட்டலம் இருந்தது. சிறை வாசலில் பொட்டலம் பிரிக்காததாக, லேபிளோடு இருந்தால்தான் வாங்குவார்கள். பள்ளிக்குக் கொண்டுபோக லேபிள் இருக்கக் கூடாது, இங்கே லேபிள் இல்லாமல் ஆகாது. உறவினர் மட்டும் உள்ளே போகலாம் என்பதால் நான் வாசலில் காத்திருப்போர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து அவள் வந்தாள். "சென்னையில நான் இதைத்தான் தின்னேனான்னு பாபா கேட்டார்" என்றாள்.

"எண்ணிக் காட்டினியா?"

"மறந்துட்டேன் மாஷி."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த ரயிலில் போய்விட்டோம். பதில் மாறவில்லை, நானும் இப்போது கேட்பதில்லை. இதை எழுதலாமா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன். ஒரு வரி விடாமல் வங்காள மொழியில் சொல்லிக் காட்டினேன். "எழுதுங்க, எங்க ஏரியாவுல யாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்" என்றாள்.

நேற்று முறுக்கு வாங்கப் போனபோது, வெகு நாளைக்குப் பிறகு கடைக்காரரே கல்லாவில் இருந்தார். பழைய பழக்கத்தில் ஈரத் துணியை எடுத்தார். "வேண்டாம், லேபிள் இருக்கட்டும்" என்றேன். "என்ன மாமி, ஒருவழியா சுத்தக் கத்துண்டாச்சா?" என்று சிரித்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது எங்கே போகிறது என்று சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் முதல் வேலை என்று எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.