மூன்றாம் நம்பர் வீட்டுக்கு நேரே ஓர் இரும்பு

1. சாத்திய வாசல்

"ஓவர்சீயர் தம்பி, அந்த இரும்பை நீங்க எடுக்கிறீங்களா, இல்ல நாங்க வீட்டைக் காலி பண்ணட்டுமா?"

எண்பதுகளின் தொடக்கம். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி, மலையைப் பார்த்தபடி எழுந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி வளாகத்தில் எஸ்டேட் பிரிவு ஓவர்சீயர் நான். குழாய் ஒழுகினாலும் மரம் சாய்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சிற்பம் குத்துகிறது என்று என்னிடம் புகார் வந்தது அந்த ஒரு முறைதான்.

கேட்டவர் சௌந்தரம் டீச்சர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கணவர் எங்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். குடியிருப்பில் மூன்றாம் நம்பர் வீடு. அந்த வீட்டுக்கு எதிரே இருந்த பொட்டலின் நடுவில்தான் முந்தின மாதம் அந்தச் சிற்பத்தை நிறுத்தியிருந்தோம்.

சாமி இல்லை, தலைவர் இல்லை, குதிரை இல்லை. இரண்டாள் உயரத்தில் இரண்டு இரும்புத் தகடுகள். கீழே விலகி நின்று, மேலே வளைந்து ஒன்றுசேர்ந்து, முன்பக்கம் ஒரு மூக்காக நீளும். பெயின்ட் கிடையாது. துருதான் நிறம். செய்தவர் செல்லூர்க்காரர், செல்வமணி என்று பெயர். சென்னையில் சிற்பம் படித்துவிட்டு ஊர் திரும்பி, விசைத்தறிக்கு உதிரி பாகம் செய்யும் தன் அண்ணனின் பட்டறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டவர். கூரைக்கு வெளியே வந்து நின்ற அவருடைய முதல் வேலை இதுதான்.

டீச்சர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. முன்வாசலைச் சாத்திவிட்டார்களாம். கொல்லைப்புறமாகத்தான் போக்குவரத்தாம். அக்கம்பக்கத்தில் இதை வீட்டுக்கு ஆகாத தெருக்குத்து என்று பேசிக்கொண்டார்கள். டீச்சர் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை.

"என்ன பேரு வேணா வச்சுக்கங்க. வாசல்ல உக்காந்து கீரை ஆய முடியல. யாரோ விரலை நீட்டிக்கிட்டே நிக்கிற மாதிரி இருக்கு."

எஸ்டேட் ஆபீசர் அதிகம் பேசாத மனிதர். "திருப்பி வையி. இல்லைன்னா அறுத்து லாரியில ஏத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருக்கணும்" என்றார்.

அறுத்து என்று அவர் சொன்னது கோபத்தில் இல்லை. செல்லூர்ச் சந்து குறுகல். சிற்பம் இரண்டு துண்டாக வந்து, பொட்டலில் வைத்துத்தான் ஒன்றாக வெல்டிங் ஆனது. திரும்பிப் போவதென்றால் கேஸ் கட்டிங்தான். அறுத்த பிறகு அது சிற்பம் இல்லை, எடைக்குப் போகிற இரும்பு.

2. கருவி ஒன்று சொன்னது, கண் ஒன்று சொன்னது

படித்த படிப்பின் மேல் எனக்கு அப்போது அசாத்திய நம்பிக்கை. கோணம் அளக்கும் தியோடலைட்டைச் சிற்பத்தின் அடியில் நிறுத்தி, மூக்கின் நேர்க்கோட்டைப் பிடித்தேன். கோடு மூன்றாம் நம்பருக்கும் நாலாம் நம்பருக்கும் நடுவில், ஒரு முருங்கை மரத்தைத் தொட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டது. எந்த வீட்டையும் உரசவில்லை. வெற்றியோடு போய்ச் சொன்னேன்.

"கருவி சரியாத்தான் சொல்லும். நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரியாதா? நீங்க இந்தப் படியில வந்து நில்லுங்க" என்றார் டீச்சர்.

நின்றேன். மூக்கு என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. சந்தேகத்தில் நாலாம் நம்பர் படிக்குப் போனேன். அங்கேயும் என் நெஞ்சுதான்.

காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. மூக்கின் முன்விளிம்பு நேராக ஏறவில்லை, முறுக்கிக்கொண்டு ஏறியது. எங்கே நின்று பார்த்தாலும் அதில் ஏதோ ஓர் உயரம் நமக்கு நேராகத் திரும்பியிருக்கும். மலையும் பொட்டலும் ஆடிக்காற்றும் சிவந்த புழுதியும் முன்பு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன. இந்த இரும்பு வந்து நின்றதும் மொத்த வெளிக்கும் ஒரு முனை முளைத்துவிட்டது. நிற்பவர் ஒவ்வொருவரும் அந்த முனைக்கு எதிரே நின்றார்கள்.

3. எட்டு ஓட்டை

அடித்தகட்டில் எட்டு போல்ட். அதனால் எட்டுத் திசையில்தான் திருப்ப முடியும். மூன்று கம்பங்களை முக்காலியாகக் கட்டி, பாரம் தூக்கும் செயின் பிளாக் மாட்டி, தூக்கித் திருப்பினோம். முதல் திருப்பலில் ஆறாம் நம்பர்க்காரர் சட்டைகூடப் போடாமல் வந்து நின்றார். அடுத்தது ஹாஸ்டல் பக்கம். பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். "மெஸ் மாஸ்டரைத்தான் சார் குறி வைக்குது, அப்படியே விட்ருங்க" என்றான் ஒருவன். மாஸ்டர் கரண்டியோடு வந்தார்.

கடைசியில் மூக்கை மலைக்குத் திருப்பி, முதுகை வீடுகளுக்குக் காட்டி வைத்தோம். மலை புகார் சொல்லாது என்பது என் கணக்கு. டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பின்பக்கம் தகடுகள் விரிந்து இருட்டாகத் திறந்து கிடந்தன.

"முன்னாடி குத்துச்சு. இப்ப முழுங்க வருது" என்றார்.

4. செல்லூரிலிருந்து வந்தவர்

வேறு வழி தெரியவில்லை. பஸ் பிடித்து செல்லூருக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்திப் பேசி விஷயத்தைச் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் செல்வமணி சைக்கிளில் வந்து சேர்ந்தார். கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட தழும்பு. சிற்பத்தை முதலில் இருந்தபடி வைக்கச் சொன்னார். வைத்தோம். டீச்சர் வீட்டுப் படிக்குக் கூட்டிப்போய் அவரை நிறுத்தினேன்.

படியில் ஓர் அடி முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இம்புட்டு தூரத்துலருந்து இதை நான் பாத்ததே இல்ல."

பட்டறையில் அவர் நின்று பார்க்கக் கிடைத்த இடம் பத்தடி. அதற்குமேல் விலகினால் சுவர். இங்கே வெல்டிங் வைத்த அன்றும் அதை ஒட்டியே நின்றிருக்கிறார். வெயில் நேரத்தில் அந்த இரண்டு தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் டீ குடிப்பாராம். அவருக்குத் தெரிந்தது அதன் உள்பக்கம். குடியிருப்புக்குத் தெரிந்தது அதன் மூக்கு.

டீச்சரைத் தன்னோடு சிற்பம் வரை நடந்து வரச் சொன்னார். டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, வேண்டாவெறுப்பாக நடந்தார். நானும் பின்னால் போனேன். பாதித் தூரம் வரை அது குத்தியபடியே இருந்தது. அப்புறம் மூக்கு மெல்ல நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நடக்க, அது எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. இரண்டு தகடுகளும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. உள்ளே நின்றோம். காற்றுச் சத்தம் அடங்கிவிட்டது. துருவின் மேல் வெயில் பட்டு, உள்ளுக்குள் செம்மண் நிறத்தில் ஒரு வெளிச்சம். எதிர்த்திறப்பில் நாகமலை, யாரோ அளவெடுத்து வைத்ததைப் போலப் பொருந்தி நின்றது. தினமும் பார்க்கிற மலைதான். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு நீளம் இருப்பது தெரிந்தது.

செல்வமணி டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இங்க வந்து நின்னா வா வான்னு கூப்பிடுது. அங்க நின்னா குத்துது" என்றார் டீச்சர். "ஆனா தம்பி, நான் அங்கதான குடியிருக்கேன்?"

செல்வமணி வீடுகளைத் திரும்பிப் பார்த்தார். தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றவர், என்னிடம் திரும்பி, "அறுத்துருங்க தம்பி. டீச்சர் சொல்றது நெசம்" என்றார்.

"அறுக்கவா? எடுக்கத்தான சொன்னேன்" என்றார் டீச்சர்.

சந்து குறுகல் என்பதை நான் விளக்கினேன். டீச்சர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வமணிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கிட்டக்கக் கொண்டுவந்துட்டா? உங்க வாசலுக்குக் கிட்டக்க."

அப்படி வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கவே இடம் இருக்காது என்றார். குடியிருப்புக்குள் போகிற நடைபாதையின் மேலேயே அதை நிறுத்தலாம். ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் புங்கமர வரிசை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதற்குள் புகுந்துதான் போக வேண்டும்.

டீச்சர் யோசித்தார். "கொண்டுவாங்க, பாப்போம். அங்கயும் குத்துச்சுன்னா நானே ஆள் கூட்டியாந்து அறுப்பேன்."

5. வெள்ளிக்கிழமை

ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குத்துதுங்கிறாங்க. அதைக் கொண்டுபோய் மூஞ்சிக்கு நேரா வைக்கிறங்கிற. உனக்கு என்னய்யா ஆச்சு?" ஆனால் தடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் டீச்சர் ஒப்புக்கொண்டால் அஸ்திவாரம் போடு, இல்லாவிட்டால் கட்டர் வரும் என்று சொல்லிவிட்டார். சொன்னபடி கட்டர்க்காரர் மத்தியானமே சிலிண்டரோடு வந்து, புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

உருளைக்குக் குழாய்களைப் போட்டு, கடப்பாரையால் நெம்பி, ஹாஸ்டல் பையன்கள் வடம் பிடிக்க, அந்த இரும்பு பொட்டலைக் கடந்து ஊர்ந்து வந்தது. அந்தக் கூச்சலும் அந்த வியர்வையும் இப்போதும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. பையன்கள் தேர் இழுப்பதைப் போல ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். செல்வமணி சிற்பத்தின் பக்கவாட்டில் கைவைத்தபடி, நோயாளியைக் கூட்டிவருகிறவரைப் போல நடந்து வந்தார்.

மூன்றாம் நம்பர் வீட்டுக்கு முன்னால் சுண்ணாம்புக் கோட்டில் கட்டைகளை வைத்து, அதன்மேல் நிறுத்தினோம். போல்ட் போடவில்லை. டீச்சர் படியில் நின்று பார்த்தார். இறங்கி உள்ளே புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தார். திரும்ப உள்ளே புகுந்து படிக்கு வந்தார். பேராசிரியர் ஜன்னலுக்குப் பின்னால். பையன்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கட்டர்க்காரர் எழுந்து உட்கார்ந்தார். செல்வமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டடி இங்கிட்டு தள்ளுங்க" என்றார் டீச்சர். "படி எறங்குன ஒடனே உள்ள வர்ற மாதிரி இருக்கட்டும்."

செல்வமணி தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு கடப்பாரையை வாங்கி நெம்ப ஆரம்பித்தார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பாடம் ஒன்றும் இல்லை. வரைபடத்தில் எந்தப் பொருளும் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளி நிற்கிற மண்ணை மட்டும் பார்த்து நான் அதன்பின் எதையும் நட்டதில்லை. தண்ணீர்த் தொட்டியோ, சைக்கிள் ஷெட்டோ, கொடிக்கம்பமோ, எதிரே குடியிருப்பவர் யார் என்று விசாரித்து, கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, அவர்கள் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்பைக் கையில் எடுப்பேன்.