மாமியின் தொகுதி

வாக்குச் சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தின் முன்னால் அன்று காலை வந்து நின்ற வான்களை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருந்து ஒன்று, மொன்ட்ரியால்-நோரில் இருந்து இன்னொன்று. குளிரங்கிக்குக் கீழே பட்டுச்சேலைக் கரை தெரிய எங்கள் ஊர்ச்சனம் இறங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. எல்லோரும் மாமிக்கு வாக்களிக்க வந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தத் தொகுதியில் வாக்கு இல்லை.

மாமி என் தாய்மாமனின் மனைவி. கார்டறி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெயில் நாட்களில் அந்தச் சின்னஞ்சிறுசுகளை ஒரு நீளக் கயிற்றைப் பிடிக்கவைத்து, அகன்ற தெருவைக் கடந்து எதிர்ப்பக்கப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். அந்த இடத்தில் நடந்து கடப்பவர்களுக்கான மஞ்சள் கடவை இல்லை, கார்கள் நிற்பதுமில்லை. ஒருநாள் ஒரு கார் அவர்களுக்கு மிகக் கிட்ட வந்து கிறீச்சிட்டு நின்றது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். மாமி அன்றைக்குப் பூங்காவுக்குப் போகாமல் அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்தார்.

இந்த மொன்ட்ரியால் மாநகரம் பல வட்டாரங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி அலுவலகம், தெருவில் கோடு போடத் தனி வண்டி. அந்தத் தெருவின் நடுவால்தான் இரண்டு வட்டாரங்களின் எல்லை ஓடுகிறது. மாமி கடவை கேட்டுப் போனபோது இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். "பிள்ளையள் பாதி றோட்டைக் கடந்துபோட்டு நடுவில நிக்கிறதோ?" என்று பிரெஞ்சில் கேட்டுவிட்டு வந்து எங்களுக்குத் தமிழில் சொல்லிக்காட்டினார். அந்த ஆண்டு நடந்த வட்டார மன்றத் தேர்தலிலேயே நின்றும்விட்டார்.

பிரசாரத்துக்கு நான் பொறுப்பு. தொகுதியின் வரைபடத்தைக் கொண்டுபோய் விரித்தேன். மாமி அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "எங்கட சனம் எங்க இருக்குதெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை." எங்கள் ஆட்களுக்குத் தொகுதி என்றால் ஊர்தானே! ஆர் எந்த ஊர், ஆருக்கு ஆர் சொந்தம் என்று பார்த்து மாமி ஆற்றுக்கு அப்பாலும் போய் ஆதரவு கேட்டார். போன இடமெல்லாம் "ஓம், உங்களுக்குத்தான்" என்றார்கள். கடவைத் தெருவிலோ இரண்டு பக்கக் கதவுகளையும் தட்டினார். எதிர்ப்பக்கத்தாரால் நமக்கு வாக்களிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போனேன்.

"போட ஏலாட்டி என்ன, அவையும் கார் ஓட்டீனம்தானே!"

சாவடியில் எங்கள் சனத்தைப் பணிவாகத் திருப்பி அனுப்பினார்கள். வாக்குகளை எண்ணியபோது மாமி கடைசியாக வந்தார். செத்தவீடு போல இருக்கும் என்று பயந்துகொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். வான்களில் வந்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், கலியாணவீடு தோற்றுப்போகும். குசினிக்குள் அடுப்பருகே மாமி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். "பதவிக்கில்லை, பிள்ளை. வெயில் வந்தா திரும்பவும் அந்த றோட்டு." எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் மாமி தட்டிய அதே கதவுகளுக்கு வாக்குக் கேட்டுப் போனபோது, தெருவின் இரு பக்கங்களிலும் வென்றவர்களின் காதில் வாசலுக்கு வாசல் விழுந்தது அந்தக் கடவையைப் பற்றிய பேச்சுத்தான். எப்படி மறப்பார்கள்? வசந்தத்தில் இந்தப் பக்க வண்டி வந்து நடுத்தெரு வரை மஞ்சள் கோடு போட்டது. கொஞ்ச நாளில் அந்தப் பக்க வண்டியும் வந்து மிச்சத்தைப் போட்டது. இரண்டும் நேராகச் சேரவில்லை.

போன கிழமை அந்தக் கடவையில் காரை நிறுத்தினேன். மாமி முன்னால் போனார், பிள்ளைகள் பின்னால். நடுத்தெருவுக்கு வந்ததும் மாமி பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்து அடுத்த பாதிக் கடவைக்குள் போனார். பிள்ளைகளும் அந்த இடம் வந்ததும் ஒவ்வொருவராக ஓர் எட்டு பக்கவாட்டில் துள்ளினார்கள். இரு பக்கமும் கார்கள் காத்து நின்றன. ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை.