எங்கேர்ந்து பேசறீங்க?

மேசைக்கு அடியில் ஏட்டம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் எனக்கு மறக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டார். கேமரா எங்கள் இருவரையும் இடுப்புக்கு மேலே மட்டும் காட்டிக்கொண்டிருந்ததால் நெய்வேலியில் யாருக்கும் அது தெரியாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். நேரலையில் முகம் கோணக்கூடாது என்பது ஒன்றைத்தான் அந்த வேலையில் நான் ஒழுங்காகக் கற்றிருந்தேன்.

2010களின் தொடக்கம் அது. கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில், இரண்டே அறைகளில் ஓடிய உள்ளூர் கேபிள் சேனலில் நான் நிகழ்ச்சி நடத்தினேன். நடத்தினேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். நெய்வேலியை ஒட்டிய எங்கள் ஊரான வடக்குத்தில் வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தேன், அதைக் கேள்விப்பட்டு உட்கார வைத்துவிட்டார்கள். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் ஆலோசனை நிகழ்ச்சி. போனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வருபவர்தான் ஏட்டம்மா. வேறொரு ஊரில் மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு ஞாபகமிருக்காது. எனக்கு அம்மா வயது. ஆனால் வாரம் தவறாமல் என்னோடு சண்டை போடுவார். நான் கேள்வியை நீட்டி முழக்குகிறேன் என்பது அவர் குறை. வருகிறவர்களையெல்லாம் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறார் என்பது என் குறை. சண்டை முடிந்ததும் டிபன் டப்பாவைத் திறந்து வேர்க்கடலை உருண்டையை என் பக்கம் தள்ளுவார். அத்தோடு சரியாகிவிடும்.

என்னவெல்லாம் கேட்பார்கள்! சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட எங்கள் அப்பா நிலத்துக்குப் பதிலாக அண்ணனுக்குத்தான் கம்பெனியில் வேலை கிடைத்தது, எனக்கு ஒன்றுமில்லை, அண்ணனை என்ன செய்யலாம் என்று ஒருவர். மகன் திருட்டு வண்டி ஓட்டுகிறான், நானே போய் ஸ்டேஷனில் சொன்னால் அது பெற்றவள் செய்கிற காரியமா என்று ஒரு தாய். அந்தத் தாயிடம் ஏட்டம்மா, பையன் ராத்திரியில் வீட்டுக்கு வருகிறானா என்று மட்டும் கேட்டார். வருகிறான் என்றதும், “நீயா கூட்டிகினு போனா உன் புள்ளையா போவான். அவங்களா வந்து புடிச்சா திருடனா போவான். இன்னிக்கே போ” என்றார். பெரிய ஆள் மேல் புகார் கொடுத்தால் போலீஸில் வாங்குவார்களா என்று ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி கேட்டார். வாங்கமாட்டார்கள் என்று இவர் பளிச்சென்று சொல்லிவிட்டார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் விளக்கினார். ரசீது தரும்வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கத்துகிறவர்களை ஸ்டேஷனில் சமாளித்துவிடுவார்களாம், சும்மா உட்கார்ந்திருப்பவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியாதாம்.

ஆனால் பெண்கள் புருஷனைப் பற்றிச் சொன்னால் மட்டும் அவர் குரல் மாறிவிடும். கொஞ்சம் அனுசரித்துப் போ, பிள்ளை முகத்தைப் பார், நான் பேசி அனுப்பியவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்பார். தன் சர்வீசில் ஒரு குடும்பத்தையும் பிரித்ததில்லை என்று அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எனக்கு அது பிடிக்காது. நிகழ்ச்சி முடிந்து மாடிப்படி இறங்கும்போது சொல்லியும் இருக்கிறேன். “உனக்கு இன்னும் கல்யாணம் ஆவலடி” என்று வாயை அடைத்துவிடுவார்.

கிள்ளு விழுந்தது ஒரு மாசிமாதப் புதன்கிழமை. போனில் ஒரு பெண். நான் என் வழக்கப்படி, “வணக்கம், பேர் சொல்ல வேணாம், எங்கேர்ந்து பேசறீங்க?” என்றேன். நான் குழைந்து குழைந்து கேட்கும் அந்தக் கேள்வி ஊரில் கொஞ்சம் பிரபலம், அதில் எனக்குக் கர்வம் வேறு. கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் டவுன்ஷிப்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் பிளாக் நம்பர்தான் வாயில் வரும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய, பால்காரரிடம் சொல்ல, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க என்று எல்லாவற்றுக்கும் அதையே ஒப்பித்துப் பழகியவர்கள். பிளாக்கைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பெண் நிறுத்தவில்லை. பிளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர் மூன்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், “எங்க வீட்டுக்காரர் என்னைப் போட்டு அடிக்கிறாருங்க. நேத்து பெல்ட்டால அடிச்சாரு” என்றாள். அந்த நம்பர்களை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை ஊருக்குச் சொன்னது போதும்.

அப்போதுதான் ஏட்டம்மா கிள்ளினார். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கு உறைப்பதற்குள் அவர் போனில், வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றாள். போனை வைக்கச் சொல்லிவிட்டு, விளம்பரம் போடச் சொல்லி சைகை காட்டினார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். கம்பெனி பஸ் இரண்டரைக்கு ஆட்களை அவரவர் பிளாக்கில் இறக்கிவிடும். அதற்குள் யாராவது அவனுக்கு போன் செய்து சொல்லாமலா இருப்பார்கள்? இன்னும் நாற்பது நிமிஷ நிகழ்ச்சி பாக்கி இருக்கிறது என்று முதலாளி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். ஏட்டம்மா சேலையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். என் ஸ்கூட்டியில்தான் போனோம். என்னால்தானே, என்னால்தானே என்று வழியெல்லாம் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. “அழுதுகினே ஓட்டாதடி, ரெண்டு பேரையும் கொண்டுபோய் பள்ளத்துல வுட்டுடுவ” என்றார் பின்னாலிருந்து.

அந்த ரோட்டில் பெண்கள் அவரவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருத்தரும் உள்ளே போயிருக்கவில்லை. கதவைத் திறந்துபோட்டு, வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. மகள் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். புகார் கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து வரும், வேலை போனால் குவார்ட்டர்ஸ் போய்விடும், நானும் பெண்ணும் எங்கே போவோம் என்று அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ஏட்டம்மா வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அனுசரித்துப் போ என்றால் அங்கேயே கத்திவிடுவது என்று தயாராக நின்றேன். ஆனால் அவர் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் அப்பறம் யோசிக்கலாம். ரெண்டரைக்கு அவன் வருவான். அப்ப நீ எங்க இருக்கணும்? அத மட்டும் சொல்லு.”

அவள் யோசித்தாள். “இங்கதான் இருக்கணும். ஆனா தனியா இருக்கக் கூடாதுங்க” என்றாள்.

ஏட்டம்மா வாசலுக்குப் போனார். வேடிக்கை பார்ப்பதாக இருந்தால் உள்ளே வந்து பாருங்கள் என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார். முதலில் யாரும் நகரவில்லை. பிறகு எதிர்வீட்டு அம்மா ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒன்பது பேர் அந்தச் சின்ன ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். யாரோ போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான இரண்டு மணி நேரம் அதுதான்.

அவன் விறுவிறுவென்று வந்தான். செய்தி எட்டியிருந்தது முகத்திலேயே தெரிந்தது. படியில் கால் வைத்தவன் உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றான். “ஊருக்கே தெரிஞ்சி போச்சுப்பா. இனிமே இங்க யாரும் தெரியாத மாதிரி இருக்க முடியாது, உன்னையும் சேத்துத்தான்” என்று ஏட்டம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. அவன் கேட்டுக்கு வெளியே போய் மதில்மேல் உட்கார்ந்துகொண்டான். மகள் ஸ்கூலிலிருந்து வந்ததும், திருவதிகையில் தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று அவளே சொன்னாள். மறுநாள் அவளோடு ஸ்டேஷன் பெஞ்சில் ஏட்டம்மாவும் உட்கார்ந்தார். ரசீது வாங்க சாயங்காலம் ஆனது. அடுத்த புதன் முதல் எங்களுக்கு நிகழ்ச்சி இல்லை. முதலாளி அந்த நேரத்தில் பாட்டுப் போட்டார்.

ஏழெட்டு வருஷம் கழித்து திருவதிகைத் தேரன்று கூட்டத்தில் அவள் என் கையைப் பிடித்தாள். பண்ருட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்வதாகச் சொன்னாள். மகள் அவளைவிட உயரமாக வளர்ந்து பக்கத்தில் நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த மன்னிப்பை நான் அங்கேயே, மேளச் சத்தத்துக்கு நடுவே கேட்டேன். உன் விலாசத்தை ஊரறியக் கேட்டுவிட்டேனே என்றேன். அவள் சிரித்தாள்.

“குவார்ட்டர்ஸ் நம்பர் வரைக்கும் யாராச்சும் தெரியாம சொல்லுவாங்களாக்கா? யாராவது வரட்டும்னுதான் சொன்னேன்.”

மறுநாள் காலையிலேயே ஏட்டம்மா வீட்டுக்கு ஓடினேன். இடுப்பு எலும்பு முறிந்து அவர் படுக்கையில் இருந்த சமயம். நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறேன், நாம் தப்பு செய்யவில்லை, அவள் வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“ஸ்டேஷனுக்கு வந்தவளுங்களும் விலாசம் சொன்னாளுங்கடி. நான்தான் எழுதிக்கினேன். எழுதிகினு, பேசி, அதே விலாசத்துக்கே திருப்பி அனுப்பிச்சேன்.”

“இவ வீட்டுக்குப் போனீங்களேம்மா” என்றேன்.

“ஒரு வூட்டுக்கு” என்றார்.

நான் கட்டிலில் ஏறி அவர் தோளோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, அவர் தூங்கும்வரை தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.