அம்மா கேட்ட சின்ன கேமரா

பிள்ளைகளே, அம்மாவுக்கென்று கேமரா வாங்க நீங்கள் இருவரும் சேர்ந்து பணம் அனுப்பினீர்கள். அந்தக் கேமராவைப் பற்றி உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை எடுத்தேன். நீங்கள் "சாப்டியாப்பா?" என்று கேட்டதும் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் இது இன்னும் தெரியாது.

உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா வேலை செய்த கார்மெண்ட்ஸ் யூனிட்டைத் தீபாவளியோடு வேறு ஊருக்கு மாற்றப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் தினமும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வந்தவள். வேலை போகிறதே என்று அவள் அழவில்லை. "அந்த மிஷின நெனச்சி இன்னா பண்ணப் போறேன்? எங்க பெட்டியில வர்றவங்களத்தான் போட்டோ புடிச்சி வச்சிக்கணும்" என்றாள்.

லேடீஸ் பெட்டியைச் சொன்னாள். அதில் பீன்ஸ் நறுக்குகிறவர்கள், பூண்டு உரிக்கிறவர்கள், ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னுகிறவர்கள், பக்கத்துத் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்குகிறவர்கள். அவர்களை அப்படியே எடுக்க வேண்டும். அதுவும் ஆயுத பூஜைக்கு முன்னால் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டிப் பூஜை போடுவார்களே, அது அவளுக்குக் கடைசிப் பூஜை. முன்பு போனில் எடுத்ததெல்லாம் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து போய்விட்டது. பெட்டியில் ஒரு காலேஜ் பெண் சின்ன கேமரா வைத்திருந்தாளாம். "உள்ளங்கையில அடங்கிடுதுங்க. எடுக்கறது எதிர்ல இருக்கறவங்களுக்கே தெரியல" என்று அம்மா சொல்லி, அதன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் என்னிடம் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறிப் பெங்களூர் போனேன். பெட்டி காலி. எதிர் சீட்டில் கால் நீட்டிக்கொண்டே போனேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன் நான், பிழைப்புக்காக ஒருநாளும் ரயில் ஏறியதில்லை. தினமும் அம்மாவை ஸ்கூட்டரில் நம் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் இறக்கிவிடுவேன். ரயில் நின்றதும் உள்ளேயிருந்து யாரோ கை கொடுப்பார்கள், அவள் ஏறிவிடுவாள், நான் வண்டியைத் திருப்பிவிடுவேன். அந்தக் கதவுக்கு உள்ளே அவள் எப்படி நிற்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை.

கடையில் சீட்டைக் காட்டினேன். அங்கிருந்தவர் சின்னதை எடுத்து மேஜை மேல் வைத்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பையில் போட்டுப் பார்த்தேன், அழகாக உட்கார்ந்தது. பக்கத்திலேயே பெரிய கேமரா ஒன்று இருந்தது.

"அது எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"அது டி.எஸ்.எல்.ஆர் சார். புதுசா கத்துக்கறவங்க வாங்கறது. சின்னதுக்கு இப்போ மவுசு வந்து ரேட்டு ஏறிப்போச்சு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதுல லென்ஸ் கழட்டி மாட்டலாம். பேக் ஃப்ரீ."

"எதுல படம் நல்லா வரும்?"

"யார் கையில இருக்குதோ அதப் பொறுத்து சார். சின்னது எங்க வேணும்னாலும் கூட வரும். பெருசுன்னா தூக்கிக்கினு போகணும், கொஞ்சம் கத்துக்கணும். யாரு யூஸ் பண்ணப் போறாங்க?"

அவர் நேர்மையாகத்தான் கேட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த நேரம் பெரிய கேமராவை நான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், பேண்ட் சட்டையெல்லாம் நன்றாகப் போட்டவர், என்னைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கினார். "சாரி சார், நீங்க எடுங்க" என்றார்.

என் வேன் ஹாரனுக்கு எல்லோரும் ஒதுங்கியிருக்கிறார்கள். எனக்காக ஒருவரும் ஒதுங்கியதில்லை.

"எனக்குத்தான்" என்றேன்.

பிள்ளைகளே, சின்னது கடையில் இல்லை என்று உங்களிடம் சொன்னேனே, அதுதான் பொய். சின்ன கேமரா கடையில் இருந்தது. என் சட்டைப் பைக்குள் போய்விட்டு வெளியே வந்தது.

வீட்டில் கேமரா அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்டாள். "அந்தச் சின்னது இல்லியா?"

"ஸ்டாக் இல்ல. இப்போ அது வர்றதே இல்லியாம்."

கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, குக்கர தொங்கவுட்ட மாதிரி இருக்குது" என்று சிரித்தாள். அன்று சாயங்காலமே நீங்கள் போன் செய்தீர்கள், உங்களிடமும் அதையே சொன்னேன். "பெருசுன்னா நல்லதுதானேப்பா" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

மறுநாள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து நடந்ததைச் சொன்னாள். கோரமண்டலில் ஏறும்போதே சீட்டெல்லாம் நிறைந்திருக்குமாம். ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மறு கையால் இதைத் தூக்கியிருக்கிறாள்.

"தூக்கி அமுக்கினேன் பாருங்க, மேல டப்புன்னு ஒண்ணு எழுந்து நின்னு பளீர்னு அடிச்சிச்சு! ஒருத்தி 'இன்னாடி, மின்னலா?'ன்றா. இன்னொருத்தி, 'யக்கா, பேப்பர்ல போடப்போறியா? இரு, பொட்டு சரி பண்ணிக்கிறேன்'ன்றா. எதிர்ல தூங்கினு இருந்தது பதறி எழுந்து, 'ஒயிட்ஃபீல்டு வந்துட்டுச்சா'ன்னு பையத் தூக்கிக்கினா!"

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் சொன்னாள். "எல்லாரும் முழிச்சிக்கினாங்க. அப்புறம் இன்னாத்த எடுக்கறது?"

அதற்கப்புறம் அவள் அதை எடுத்துப்போகவில்லை. பீரோவில் வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, ராத்திரிச் சாப்பாடு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அந்தக் காலேஜ் பொண்ணு சொல்லுச்சு, நீங்க போன கடையிலயே சின்னது இருக்குதாம். இப்பத்தான் ஸ்டாக் வந்துக்குது போல. பரவாயில்ல வுடுங்க, இதான் இருக்குதே."

அப்போது சொல்லியிருக்கலாம். கடைக்காரரிடம் கேட்டு மாற்றவும் பார்த்திருக்கலாம், பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. "ரசம் ஊத்து" என்றேன். அவள் ஊற்றினாள். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, பெரிய உதவி செய்கிறவன் போல, "பூஜைக்கு நானே வந்து எடுத்துக் குடுக்கறேன்" என்றேன்.

"நீங்களா?" என்று ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "சரி, வாங்க."

பூஜை அன்றைக்கு விடியுமுன்னே மாரிகுப்பத்துக்கே போனோம். ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. பெண்கள் முன்னாலேயே வந்து கதவு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஜன்னல் கம்பிக்கெல்லாம் சாமந்தி சுற்றியிருந்தார்கள். பொரி, கேசரி. சர்ச்சுக்குப் போகிற ஒரு அம்மா கேக் கொண்டுவந்திருந்தார். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன். "தள்ளுங்கடி, கேமராமேன் வர்றாரு!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் வழி விட்டார்கள். நான் ஆசைப்பட்ட மாதிரியே விட்டார்கள்.

பெட்டிக்குள் சிரிப்பும் சத்தமுமாக இருந்தவர்களை வெளியே கூப்பிட்டு இரண்டு வரிசையாக நிற்க வைத்தேன். வெளிச்சம் போதாமல் அந்த பிளாஷ் ஒவ்வொரு தடவையும் எழுந்து அடித்தது. அதை அமர்த்த எனக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் கண்ணை மூடினார்கள்.

"கண்ண மூடாதீங்கம்மா" என்றேன்.

"அண்ணா, முழிச்சி முழிச்சி கண்ணே வெளிய வந்துடும் போல, சீக்கிரம்!"

உங்கள் அம்மா எங்கே நின்றாள் தெரியுமா? என் பின்னால். "இதக் கொஞ்சம் புடி" என்று கேமரா பையையும் லென்ஸ் மூடியையும் அவள் கையில் கொடுத்திருந்தேன். "யக்கா, நீயும் வந்து நில்லு!" என்று அவர்கள் கூப்பிட்டார்கள். "இன்னும் ஒண்ணு, அப்புறம் வருவா" என்றேன். அந்த இன்னும் ஒன்று நாலைந்து ஆகிவிட்டது. ரயில் ஊதியது. அம்மா பையை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். வாழை இலை ஆட ஆட ரயில் போய்விட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பழைய தங்கச் சுரங்கத்துச் சயனைடு மண்மேடு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கேமராவிலேயே படங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பெண்கள் ஓட்டுக் கார்டுக்கு நின்ற மாதிரி விறைத்து நின்றார்கள், கண் மட்டும் பெரிதாக. "எல்லாரும் வந்துக்கிறாங்க" என்றாள். கடைசிவரை தள்ளிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தள்ளினாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. எதை என்று இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

"நீ ஒண்ணுலயும் இல்ல" என்றேன்.

"ஆமா, நான் பை வச்சிக்கினு இருந்தேன் இல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லி, அது அங்கேயே தீர்ந்திருக்கும்.

தீபாவளி முடிந்து யூனிட்டை மூடினார்கள். அந்தப் பெட்டிப் பெண்கள் இப்போது ஆளுக்கொரு திசை. ஒருத்தி ஓசூர் பக்கம் போய்விட்டாளாம், இரண்டு பேர் வீட்டோடு இருக்கிறார்களாம். அம்மா இன்னும் அந்த ரயில் நேரத்துக்கே எழுந்துவிடுகிறாள். எழுந்து, நான் தூங்குகிறேன் என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் ஒருநாள் பகலில் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு பீரோவிலிருந்து கேமராவை எடுத்தேன். சமையலறை வாசலில் நின்று இடது கையால் மேல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். ரயில் ஆடுமே என்று குதிகால் இரண்டையும் தூக்கிக்கொண்டேன். வலது கையால் மட்டும் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். முதல் தடவை முழங்கை நிலையில் இடித்தது. இரண்டாவது தடவை மணிக்கட்டு தாளாமல் சாய்ந்து தரைதான் தெரிந்தது. மூன்றாவது தடவை அமுக்கிவிட்டேன், பிளாஷ் எழுந்து அடித்தது. பாதிக் காலண்டரும் என் கட்டை விரலும் விழுந்திருந்தன. இடது கையை நிலையிலிருந்து எடுக்காமல், மறுபடி தூக்கினேன்.