ஒன்பதே காலுக்குப் படுத்த வெப்சைட்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் தலைவன். அந்தப் பிரிவின் ஒரே தொண்டனும் நான்தான். பெயர் பெனிட்டோ. அதற்கு முன் அதே கம்பெனியில் பைண்டிங் செக்ஷனில் தாள் எண்ணிக்கொண்டிருந்தேன். விருதுநகரில் மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்ததால் ஏசி அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தன. “நாற்காலி சுத்துறதுக்கு மேல அங்கன என்ன வேலை நடக்கு?” என்று என் மனைவி கிருபா கேட்பாள். அவள் நர்ஸ், உண்மையாகவே வேலை பார்ப்பவள்.

ஏஜெண்டுகள் ஆர்டர் பிடிக்க, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது எங்கள் ஊர்த் தொழில் வழக்கம். 2007-இல் அதை வெப்சைட்டிலும் போடலாம் என்று முதலாளி சீனிவாசகம் அண்ணாச்சியைக் கிளப்பிவிட்டது நான்தான். படத்தையும் விலையையும் நாமே மாற்றிக்கொள்ளும்படி ஒரு சாஃப்ட்வேரில் அமைத்தும் கொடுத்தேன்.

“ஏஜெண்டுக முன்னால மானம் போச்சுன்னா, ஏசி ரூமை குடோனாக்கிட்டு உன்னையப் பழையபடி பைண்டிங்குக்கு அனுப்பிருவேன்லே” என்றார் அண்ணாச்சி.

நான் விடுவேனா? லோடு டெஸ்டிங் செய்தேன். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தால் தளம் தாங்கும் என்று கம்ப்யூட்டரே பொய் ஆட்களை அனுப்பிப் பார்ப்பதுதான் அது. சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் வருவதுபோல் ஏஜெண்டுகள் காலை முதல் மாலை வரை ஒருவர் பின் ஒருவராக வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். தளம் அசையவில்லை.

ஆடிப்பெருக்கு வெள்ளிக்கிழமை வந்தது. எட்டு மணிக்கே ஆல்பத்தை ஏற்றிவிட்டேன். ஈ காக்கை வரவில்லை. ஒன்பதே காலுக்கு எல்லோரும் மொத்தமாக வந்து விழ, தளம் படுத்துவிட்டது.

அண்ணாச்சி போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். “என்னலே இது? தேனிக்காரரு, நெல்லைக்காரரு எல்லாரும் படமே வரலைங்காக!”

“எல்லாரும் ஒண்ணா வருவாகன்னு நெனைக்கலையே அண்ணாச்சி.”

“ஆல்பத்தை நல்ல நேரத்துல திறக்காம பின்ன எப்பத் திறப்பாக?”

சுவரில் எங்கள் காலண்டரே தொங்கியது. நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. வருடம் முழுமைக்கும் நல்ல நேரத்தையும் ராகு காலத்தையும் டைப் அடித்தவன் நான். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. அடித்தேனே தவிர, படிக்கவில்லை. பைண்டிங் பசையின் நாற்றம் இப்போதே மூக்கில் ஏறியது.

பத்தரைக்குக் கூட்டம் சட்டென்று நின்றது. ராகு காலம். பன்னிரண்டு மணி வரை ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

“இப்பத் தொடாதலே, வெளங்காது.”

“பன்னெண்டுக்குத் திரும்ப வருவாகளே அண்ணாச்சி. இப்ப விட்டா எப்பத் தொட?”

வருகிற ஒவ்வொருவருக்கும் சாஃப்ட்வேர் பக்கத்தைப் புதிதாகத் தயார்செய்துகொண்டிருந்ததுதான் கோளாறு. ஒருமுறை தயாரித்ததைச் சேமித்து, அதையே எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும்படி மாற்றினேன். ஒரு தடவை அடித்து அடுக்கி வைத்தால் போதும் என்பது காலண்டர் கம்பெனிக்காரனுக்கு உறைக்க இவ்வளவு நேரம்! பிறகு பொய் ஆட்களை ஒரே நிமிடத்தில் மொத்தமாக அவிழ்த்துவிட்டேன். தாங்கியது.

பன்னிரண்டுக்கு அசல் ஆட்கள் வந்தார்கள். அதையும் தாங்கியது. போன் ஓய்ந்தது. அண்ணாச்சி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

“ராகு காலத்துல தொட்டும் வெளங்கிருச்சே! ராசியான கைலே உனக்கு. அடுத்த வருசம் ஆல்பம் வெளியிட நீயே நேரம் குறிச்சுக் கொடுத்திரு.”

சாயங்காலம் கிருபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாற்காலி தப்பிச்சுச்சா?” என்றாள்.

“தப்பிச்சுச்சு.”

“சந்தோசம் ஜோசியரே. சர்ச்சுல பங்குச் சாமியார்கிட்ட இதை யாரு சொல்ல?”