புரட்டாசியில் வந்த நெடுங்கழுத்து

புதுப் பெயிண்டின் நெடி முதலில் வந்தது. அதற்குப் பின்னால்தான் லாரி வந்தது. ஊத்துக்கோட்டை சாலையில் ஒரு பாலம் பழுதாகி, பெரிய வண்டிகளையெல்லாம் எங்கள் ஊர் வழியாகத் திருப்பிவிட்டிருந்த புரட்டாசி மாதம் அது. ஆந்திரப் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்காக ஃபைபரில் செய்த டைனோசர், பச்சை உடம்பும் வைக்கோல்போரை எட்டிப் பார்க்கிற கழுத்துமாக லாரியில் நின்றபடி வந்து, எங்கள் வரப்பிலிருந்து சாலைமேல் சாய்ந்திருந்த புளியமரக் கிளையில் முட்டி நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அது புதிய ஆளில்லை. பள்ளிக்கூடத்துப் படப்புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தையே பார்த்துப் பார்த்துக் கசக்கியிருந்தேன். வீட்டைவிடப் பெரிய உடம்பை வெறும் தழை தின்றே வளர்த்துக்கொண்டதும், மெல்லக்கூட நேரமின்றி அப்படியே விழுங்கியதும், அந்த வகையறாவின் எலும்புகள் நம் அரியலூர்ப் பக்கமே கிடைத்ததும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். என்ன ஒரு பிறவி!

டிரைவருக்கோ அவசரம். "கழுத்த அறுத்து எட்துகினு போயி அங்க ஒட்டிக்கலாம்" என்று ரம்பத்தை எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. வயலுக்கு ஓடி, "நைனா" என்று நான் கூப்பிடும் என் அப்பாவைக் கையோடு இழுத்து வந்தேன். மரம் எங்களுடையது, கிளையை வெட்ட அவர் ஒப்பினால் கழுத்து பிழைக்கும். ஆனால் அது பிஞ்சு பிடித்திருந்த கிளை, வருஷம் முழுக்க வீட்டுக்குப் புளி கொடுப்பது.

நைனா அண்ணாந்து வாய்பிளந்து பார்த்தார். "இது இன்னாம்மா துன்னும்? ஆடு மாடா?"

"இல்ல நைனா, தழதான். சுத்த சைவம்."

பழவேற்காட்டு மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர், பெருமாளுக்காக அந்த ஒரு மாதம் மட்டும் "கவுச்சி"யை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கஷ்டம் அவருக்குத்தானே தெரியும்! டிரைவர் பக்கம் திரும்பினார். "புரட்டாசி மாசத்துல ஒரு சைவத்தோட கழுத்த அறுக்க வந்துக்கிறியே, நீ நல்லாருப்பியா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை; அருவாளோடு மரமேறிவிட்டார்.

கிளை விழுந்ததும், களையெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் அந்தத் தழையை வாரி, "போற வழியில துன்னட்டும்" என்று டைனோசரின் காலடியில் குவித்தார்கள். லாரி முழுக் கழுத்தோடு கிளம்பிப் போனது. "ரசத்துக்கு டைனோசரக் கரைச்சி ஊத்தறேன்" என்று அம்மா மட்டும் பல நாள் நைனாவை விடவில்லை. எனக்கு அவரை நினைக்க நினைக்கப் பெருமை தாங்கவில்லை, இன்றும் அப்படித்தான்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குக் கன்டெய்னர் லாரிகள் போவதற்காகச் சாலையை அகலப்படுத்தியபோது மரம் முழுசாகப் போயிற்று. போன மாதம் அந்த வழியாகக் காரில் போகையில், பின் சீட்டிலிருந்த என் மகள் கைப்பேசியைப் பார்த்துத் தாத்தாவுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள்: வானத்திலிருந்து ஒரு பெரிய பாறை விழுந்தது, புழுதி சூரியனை மறைத்தது, செடிகொடியெல்லாம் கருகியது, அந்தப் பெரிய விலங்குகள் பட்டினியில் செத்துப் போயின.

நைனா ஜன்னல் வழியே வெறும் சாலையோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தழயே பூட்ச்சின்னா அதுங்க இன்னாதான் பண்ணும், பாவம்" என்றார்.